இறவாணம் முதல் பீலி வரை: கூரைத் தண்ணீரின் பின்னால் ஒரு பயணம்

வெள்ளி, தக்கலை

பழைய ஓட்டு வீடுகளைச் செப்பனிடுவது என் தொழில், பெரும்பாலும் கும்பகோணத்தைச் சுற்றி. பழைய வீடு எதனால் கெடுகிறது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், மழைத்தண்ணீர் கூரையிலிருந்து தரைக்கு இறங்கும் பாதையில்தான் கெடுகிறது. கைமரம் உளுத்துப்போவதும் சுவர் ஊறுவதும் தரை இறங்குவதும் அந்தப் பாதையில் எங்கோ ஓரிடம் அடைத்துக்கொண்டதால் வருபவைதான். அந்தப் பாதையில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஊருக்கு ஊர் வேறு பெயர். பெயர் தெரிந்த ஆசாரியிடம் ஒரு சொல்லில் வேலை முடிந்துவிடும். இளைய ஆட்களிடம் "அந்த மூலை" என்று கையைக் காட்டவேண்டியிருக்கிறது, ஒரு கூரையில் எத்தனை மூலை! அதனால் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தென்கோடியில் தொடங்கி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி யாழ்ப்பாணம் வரை போய், வழியெல்லாம் இந்தப் பெயர்களைக் கேட்டு எழுதி வருவதாகத் திட்டம். அன்றன்றைக்கு இரவு எழுதிப் போடுகிறேன்.

முதலில் பத்மநாபபுரம் அரண்மனை. 1795-இல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றும்வரை திருவிதாங்கூர் அரசர்கள் இங்கேதான் இருந்தார்கள். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பராமரிப்பில். எல்லாரும் உள்ளே மரவேலையையும் கண்ணாடிபோல மின்னும் கருந்தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செங்குத்தாக இறங்கும் கூரை, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டு தாழ்ந்து நிற்கும் விளிம்பு. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கும் ஊரில் கூரை இப்படித்தான் இருக்கவேண்டும். தண்ணீருக்குக் கூரைமேல் நிற்க நேரமே கொடுக்கக் கூடாது.

மதியம் தக்கலையில் ஒரு மூத்த ஆசாரியைப் பிடித்தேன். கூரை விளிம்பைக் காட்டி என்ன பெயர் என்றதும் "எறப்பு" என்றார். எழுத்தில் இறப்பு. சாவைச் சொல்லும் அதே எழுத்துகள்தான், ஆனால் இது கூரையின் இறக்கம், அகராதியிலும் இருக்கிறது. எங்கள் பக்கம் அதையே எரவாணம் என்போம் (இறவாணம் என்று எழுதவேண்டும்). அரிவாளையும் பனையோலை விசிறியையும் செருகி வைப்பது அங்கேதான். அடுத்து, விளிம்புக்குக் கீழே தண்ணீரை ஏந்திக்கொள்ள வைக்கும் நீளமான வாய்க்குப் பெயர் கேட்டேன்.

"பாத்தி மக்களே. எறப்புக்குக் கீழ வைக்கது பாத்தி. பாத்தியில வந்த வெள்ளம் ஓவு வழியா வெளிய போவும்."

ஒரே மூச்சில் கூரையிலிருந்து தெரு வரை சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் பாத்தி என்றால் கத்தரி நடுவது, வெள்ளம் என்றால் ஊர் முழுகுவது. இங்கே வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீரும்தான். பாத்தியும் ஓவும் மலையாளத்தோடு பகிர்ந்துகொண்ட சொற்கள், எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பொருள்தான். முன்பு கமுகு மரத்தை நெடுகப் பிளந்து நடுச் சோற்றைக் குடைந்து எடுத்துவிட்டுப் பாத்தி செய்வார்களாம். கமுகு உருண்டையாக, நேராக, வீட்டு நீளத்துக்கு வளர்கிறது. ஓரங்கட்டை வைரம் ஏறியது, உள்ளே சோறு. பாத்தி செய்யவே வளர்ந்த மரம் என்று சொல்லலாம். அது நாலைந்து மழைக்காலம் தாங்கினால் போதும், கொல்லையில் அடுத்த மரம் வளர்ந்திருக்கும்.

சனி, சங்கரன்கோவில் வழியாக விருதுநகர்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் நிலம் காய்ந்துவிடுகிறது, கூரையும் படுத்துவிடுகிறது. காற்றாலைகளுக்கு நடுவே வரும் ஊர்களில் பழைய வீடு என்றால் காரை வீடு, தட்டையான மேல்தளம். மழை குறைவாகப் பெய்யும் ஊரில் சாய்வுக் கூரை போட்டு மரத்தை வீணாக்குவானேன்?

மேல்தளத்துக்கே எத்தனை பெயர்! சென்னைக்காரர்களுக்கு மொட்டை மாடி. வடஆற்காட்டுப் பக்கம் மெத்தை, அதனால் மாடி வீட்டை மெத்தை வீடு என்பார்கள். இங்கே தட்டட்டி, நெல்லைக்கு நெருங்கினால் தட்டோடி. இரவில் படுக்க, வத்தல் காயவைக்க, பட்டம் விட. ஆனால் கட்டுகிறவருக்கு அது தண்ணீரை மெல்ல நகர்த்தவேண்டிய ஒரு பரப்பு.

பழைய தட்டட்டி எப்படி நிற்கிறது என்று சொல்லவேண்டும். கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சின்னச் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நெட்டுக்குத்தாகப் பதித்து, அதற்குமேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டையான ஓடு பதிப்பது. இவ்வளவு செய்தும் ஒரு விஷயம் தவறினால் எல்லாம் போச்சு, அதுதான் வாட்டம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டுமோ அந்தப் பக்கத்துக்குத் தளத்தைச் சாய்ப்பது. இந்தச் சொல் மட்டும் எங்கே போனாலும் மாறுவதில்லை. தக்கலையிலும் வாட்டம், விருதுநகரிலும் வாட்டம், எங்கள் கும்பகோணத்திலும் வாட்டம். ரசமட்டக் குழாயைக் கையில் வைத்திருந்த ஒரு கொத்தனார் அண்ணாச்சி சொன்னார்: "வாட்டம் சரியில்லன்னா தட்டட்டில தண்ணி கெட்டிக்கிடும். கெட்டுன தண்ணி எறங்காம வுடாது."

கைப்பிடிச் சுவரின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைக்கு அவர் சொன்னது தூம்பு. பழைய, நல்ல சொல். ஏரிக்கரையில் தண்ணீரைத் திறந்துவிடும் அமைப்புக்குச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் வருவதும் தூம்புதான். ஏரிக்கு இருக்கிறதே தட்டட்டிக்கும் இருக்கிறது, அளவுதான் வேறு. தூம்பில் விழுந்த தண்ணீர் தெருவில் வாறுகாலில் சேரும். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டச் செய்திகளைப் படிக்கிறவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள், "வாறுகால் தூர்வாரக் கோரிக்கை" என்று அடிக்கடி வரும். மதுரைக்கு வடக்கே போனால் அது சாக்கடை ஆகிவிடுகிறது. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சாக்கடை என்றால் அழுக்கு, வாறுகால் என்றால் வழி. மழைத்தண்ணீர் போகும் வழியைச் சாக்கடை என்று அழைக்கத் தொடங்கிய தெருவில், கொஞ்ச நாளில் எல்லா அழுக்கையும் அதில் விடுகிறார்கள். பெயர் மாறியதால் அப்படி ஆனதா, அப்படி ஆனதால் பெயர் மாறியதா என்று வாதம் செய்யலாம், நான் பார்த்தவரை இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

கொங்குப் பக்கம் இந்தமுறை போக நேரமில்லை. வேலைக்காகப் போனபோது கேட்டதை இங்கே சேர்த்துவிடுகிறேன்: நடுவில் திறந்தவெளி விட்ட வீடு அங்கே தொட்டிக்கட்டு வீடு, நாலு புறக் கூரைத் தண்ணீரும் உள்ளே விழுவதால் அந்தப் பெயர் நன்றாகப் பொருந்துகிறது. தண்ணீர் வெளியே போவது சலதாரை, பின்புறம் பொடக்காணி.

ஞாயிறு, கீழடி

மதுரையிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள், அதனால் கட்டடத்தின் கூரையையும் பார்த்தேன். நான் வந்தது கூரை ஓடுகளுக்காக.

கண்ணாடிக்குள் இருக்கும் ஓடுகளில் இரண்டு துளை, மரச்சட்டத்தோடு கட்டுவதற்கு. ஈரமண்ணில் விரலால் இழுத்த பள்ளங்கள் மேலே தெரிகின்றன, மழைத்தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வழிந்து இறங்குவதற்காக. ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு யாரோ ஒருவர் விரலால் தண்ணீருக்கு வழி காட்டியிருக்கிறார். ஓட்டின்மேல் அந்த விரல்தடங்களைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வழிவிடவேண்டியிருந்தது. ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்களும் இங்கே தோண்டி எடுத்தவை.

சங்கத் தமிழில் இதற்குச் சொல் இருக்கிறதா என்றால் இருக்கிறது, அதுவும் மிக அழகாக. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனையை வருணிக்கும் இடத்தில் "கிம்புரிப் பகுவாய் அம்பணம் நிறைய" என்று வருகிறது. நிலா முற்றத்தில் பெய்த மழைத்தண்ணீர், மகரமீனின் பிளந்த வாய் போலச் செய்த அம்பணத்தை நிறைத்து, அருவியாக ஓசையோடு கீழே விழுகிறது. பாட்டு முழுக்கக் குளிர்கால மழை, வாடை, ஊர் நனைந்து நடுங்குவது. அதற்கு நடுவில் மேல்தளத்துத் தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்று கவனித்து ஒரு புலவர் எழுதியிருக்கிறார். அம்பணம் என்பதைக் கொத்தனார்கள் யாரும் இன்று சொல்லிக் கேட்டதில்லை. பொருள் மட்டும் தூம்பாக, பாத்தியாக, குழாயாகத் தொடர்கிறது.

திங்கள், கானாடுகாத்தான்

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு பூச்சு என்று போவார்கள். என்னைக் கேட்டால் அந்த வீடுகளின் மேன்மை தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது. ஆறு இல்லாத, மழை குறைந்த சீமை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபின் உள்நாட்டுக்கு வந்தோம் என்று நகரத்தார் வழிவழியாகச் சொல்வதுண்டு. தண்ணீருக்குப் பயந்து வந்து, தண்ணீர் இல்லாத இடத்தில் குடியேறி, விழும் ஒவ்வொரு சொட்டையும் வழிப்படுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு வீட்டில் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. முகப்பு தாண்டி, பட்டாலை தாண்டி, வளவு. நடுவே திறந்த முற்றம், நாலு பக்கமும் நாட்டு ஓட்டுக் கூரை உள்நோக்கி இறங்குகிறது. நாட்டு ஓடு என்பது அரைவட்டமாக வளைந்த சின்ன ஓடு. ஒரு வரிசையை மல்லாத்தி வைத்து, இடையில் உள்ள இடுக்கை இன்னொரு வரிசையால் கவிழ்த்து மூடுவார்கள். மல்லாந்த ஓடுகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்கால். இங்கே அதையே பல அடுக்காகப் போட்டிருக்கிறார்கள், வெயிலும் இறங்காது மழையும் இறங்காது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கத்துக் கூரைகள் உள்மூலையில் வந்து சேரும்போது ஒரு பள்ளக் கோடு உண்டாகிறதே, அதற்குப் பெயர் கூடல்வாய், பேச்சில் கூடுவாய். இரண்டு சாய்வுத் தண்ணீரும் கூடும் வாய். ஓட்டு வீட்டில் முதலில் ஒழுகும் இடம் இதுதான், கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். விளிம்பு நெடுகப் பரவி விழவேண்டிய அதில் ஒரு பெரிய பங்கு நாலு மூலைக் கோடுகளில் குவிகிறது. அங்கே ஓட்டை வெட்டிச் சேர்த்தால் போதாது, அடியில் தகடு பாய்ச்சவேண்டும், தகடு இரண்டு பக்கமும் ஓட்டுக்குள் நன்றாக ஏறியிருக்கவேண்டும். நான் இளைய ஆட்களிடம் "மூலை" என்று சொன்னால் வெளிமூலையில் போய் நிற்கிறார்கள், அங்கே தண்ணீர் பிரிகிறது, கூடுவதில்லை. கூடல்வாய் என்ற ஒரு சொல் தெரிந்தால் இந்தக் குழப்பமே கிடையாது. இதற்காகவே இந்தச் சொல்லை எழுதும் வரைபடங்களில் எல்லாம் விடாமல் போடுகிறேன்.

வீட்டு ஆச்சியிடம் மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மொத மழையப் பிடிக்க மாட்டோம் தம்பி, அது ஓட்டக் கழுவிட்டுப் போகட்டும். ரெண்டாவது மழைக்கு நாலு மூலையிலயும் அண்டா வச்சிருவோம்." நாலு மூலை என்று அவர் சொன்னது கூடல்வாய் நேர் கீழே. அந்தத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும், குழைந்து வரும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால் பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும், மழைத்தண்ணீரில் அது கிடையாது. அண்டாவில் பிடித்தது போக மிச்சம் முற்றத்துக் கல்லோரக் கால்வழியாகப் போய், வீட்டுக்கு வெளியே ஊர்க்கால்வாயில் சேர்ந்து, ஊருணியில் முடிகிறது. கூரையில் விழுந்த தண்ணீர் ஊரின் குடிநீர்க் குளத்துக்கு வரும் ஏற்பாடு இது, 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே. அந்தச் சட்டம் நல்ல சட்டம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அதற்குப்பின் வந்த வீடுகளில் தண்ணீர் சுவரோரம் பைப்பில் இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் குழிக்குள் போகிறது. மேலே எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்க வீட்டில் ஆள் இல்லை, அந்த இடத்துக்கு ஒரு பெயரும் இல்லை, எல்லாமே பைப்பு.

செவ்வாய், ஆவுடையார்கோயில்

அரை நாள்தான் இருந்தேன். மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பணத்தில் எழுப்பிய கோயில் என்பார்கள், கருவறையில் லிங்கம் கிடையாது, அதன் பீடமான ஆவுடையார் மட்டும். கட்டட வேலைக்காரன் இங்கே பார்க்கவேண்டியது கொடுங்கை. மண்டபக் கூரையின் விளிம்பு வளைந்து வெளியே நீண்டு கீழே தாழ்கிறது, அதுதான் கொடுங்கை, வளைந்த கை. வீட்டுக்கு இறவாணம் எதுவோ கோயிலுக்குக் கொடுங்கை அதுவே. சுவரிலும் தூணிலும் தண்ணீர் படாமல் தூரத் தள்ளிவிடுவது. அதைக் கருங்கல்லில், மரச்சட்டமும் ஆணியும் உள்ளபடி தெரிய மெலிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக்கொள்வார்களாம். நான் அண்ணாந்து பார்த்தது அலங்காரத்தை அல்ல, முனையின் அடிப்பக்கத்தை. தண்ணீர் வளைவில் ஒட்டிக்கொண்டு உள்ளே திரும்பி வராமல் அந்த நுனியிலேயே சொட்டவேண்டும். நம் சன்ஷேடுகளின் அடியில் கறுப்பாகப் பாசி படிவதெல்லாம் அந்த நுனி சரியில்லாததால்தான்.

புதன், கும்பகோணம் பக்கம் ஓர் அக்ரகாரம்

சொந்தச் சீமை. இங்கே முற்றம் பேச்சில் மித்தம். அதைச் சுற்றித் தாழ்ந்து வரும் கூரையும் அதன் கீழ் நடக்கும் இடமும் தாழ்வாரம், தாவாரம் என்றும் சொல்வார்கள். வாசலிலிருந்து ரேழி, பிறகு தாழ்வாரம், கூடம், பின்னால் கொல்லை. மித்தத்துத் தண்ணீர் தரைக்கு அடியில் ஜலதாரை வழியாகக் கொல்லைக்குப் போய் வாழைக்குப் பாயும். கொங்கில் சலதாரை, இங்கே ஜலதாரை. அங்கே அது தெருவில் ஓடுவதையும் குறிக்கும், இங்கே பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பதுதான்.

ஆனால் எங்கள் சீமையில் ஒரு சொல் இல்லை. பாத்திக்குச் சமமான சொல். மித்தத்துக்குள் தண்ணீர் தானாக விழட்டும் என்று விட்டதால் விளிம்பில் ஏந்து வாய் வைக்கும் பழக்கம் குறைவு, அதனால் பெயரும் ஊன்றவில்லை. சீமை ஓடு வந்த பிறகுதான் (மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு) வெளிப்பக்கத்துக்கும் தகரம் மடித்து வைக்கத் தொடங்கினார்கள். அதைத் தகரம் என்கிறார்கள், மழைத்தகரம் என்கிறார்கள், ஒருவர் தொட்டித்தகரம் என்றார். செய்த பொருளின் பெயரைத்தான் சொல்கிறார்கள், செய்யும் வேலையின் பெயரை இல்லை. இப்போது பிளாஸ்டிக்கில் வைத்தால் அதையும் "பிளாஸ்டிக் தகரம்" என்று ஒரு தம்பி சொன்னான், அவன்மேல் தப்பில்லை, நாம் அவனுக்கு வேறு சொல் கொடுக்கவில்லை.

வியாழன், நாகப்பட்டினம்

பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, காத்திருப்பு. எழுத ஒன்றும் பெரிதாக இல்லை. வடகிழக்குப் பருவம் வலுத்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால்தான் முன்பே கிளம்பினேன். இரவு நல்ல மழை. விடுதி ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டு மேல்தளத்திலிருந்து தண்ணீர் பைப்பின் வழியாக வராமல் பைப்புக்கு வெளியே வந்தது. இலை அடைத்திருக்கும்.

வெள்ளி, காங்கேசன்துறை

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது 2023 அக்டோபரில். சுமார் 110 கிலோமீட்டர் கடல். காலையில் ஏறி மதியத்துக்கெல்லாம் இறங்கியாகிவிட்டது. பேருந்தில் யாழ்ப்பாணம் போகும் வழியில் இரண்டு சொல் உடனே காதில் விழுந்தன. ஒன்று மதகு. தமிழ்நாட்டில் மதகு என்றால் ஏரியிலோ வாய்க்காலிலோ தண்ணீரைத் திறக்கும் இடம். இங்கே சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் சின்னப் பாலம்தான் மதகு. சாயங்காலம் பையன்கள் உட்கார்ந்து பேசுவது மதகில். இன்னொன்று அரசாங்கப் பலகையில் எழுதியிருந்த வடிகான். நாம் வடிகால் என்கிறோம், அவர்கள் வடிகான். பேச்சில் வெறுமனே கான்.

சனி, வட்டுக்கோட்டைப் பக்கம்

நண்பர் ஒருவர் தன் பெரியம்மாவின் நாற்சார் வீட்டுக்கு அழைத்துப்போனார். நாற்சார் என்றால் நாலு பக்கமும் கட்டடம், நடுவே முற்றம். செட்டிநாட்டு வளவுக்கும் கேரள நாலுகெட்டுக்கும் கொங்குத் தொட்டிக்கட்டுக்கும் சொந்தக்காரன். உள்ளே நுழைந்ததுமே ஒரு வித்தியாசம் தெரிந்தது. முற்றத்தைச் சுற்றி விளிம்பில் ஏந்து வாய் வைத்துத் தண்ணீரை ஒரு பக்கமாகக் கொண்டுபோய்த் தொட்டிக்கு விட்டிருக்கிறார்கள். பெயர் கேட்டேன்.

"உது பீலி தம்பி. முந்திப் பனையில செய்தவை, பிறகு தகரம், இப்ப பிளாஸ்டிக். எதில செய்தாலும் பீலிதான்" என்றார் பெரியம்மா.

எனக்கு வந்த வேலை முடிந்தது போல இருந்தது. எதில் செய்தாலும் பீலிதான். பனை நெடுக வைரம், உள்ளே நார்ச்சோறு, அதைக் குடைந்தால் நீளமான நல்ல ஏந்து வாய். தக்கலையில் கமுகு செய்ததை இங்கே பனை செய்தது. தமிழ்நாட்டில் பீலி என்றால் பலருக்கு மயில்தோகைதான் நினைவுக்கு வரும். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து (வரிசை வீட்டு) ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தைப் பீலி என்கிறார்கள், சிங்களத்திலும் பீல்ல என்ற சொல் இருக்கிறது. தண்ணீர் ஒரு வாயில் வந்து விழும் இடம் எல்லாவற்றுக்கும் இலங்கையில் இது பொதுச்சொல்.

இங்கே பீலி நிலைத்ததற்குக் காரணம் நிலம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புப் பாறை, பெய்யும் மழை அதன் வெடிப்புகளில் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது, வரும்போது கடினத் தண்ணீராக வருகிறது. கேத்தலின் (கெட்டில்) உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பெரியம்மா காட்டினார். அளவுக்கு மேல் இறைத்தால் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கூரையில் விழுவதுதான் மெல்லிய நீர். அதை விளிம்பிலேயே பிடிக்காமல் விட்டால் நிலத்துக்குப் போய்விடும். அதனால் இங்கே ஏந்து வாய் ஓர் அலங்காரமோ வசதியோ அல்ல, வீட்டின் ஓர் உறுப்பு. உறுப்புக்குப் பெயர் இருந்தே ஆகவேண்டும்.

பக்கத்துத் தெருவில் பீலி பூட்டும் ஒருவரையும் பார்த்தோம். மழைக்கு முந்திய மாதம் என்பதால் கையில் வேலை நிறைய. "அண்ணை, வாட்டம் எவ்வளவு விடுவியள்?" என்று நண்பர் கேட்டார். பத்தடிக்கு ஓரங்குலம் என்றார், நான் ஊரில் போடும் கணக்கும் அதேதான். வாட்டத்தைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள், கூட்டினால் ஒரு முனையில் பீலி ஓட்டை விட்டு ரொம்பக் கீழே போய்விடும், காற்றடிக்கும்போது தண்ணீர் பீலிக்கு வெளியே விழும் என்று விளக்கினார். கொளுக்கிகளை இரண்டடிக்கு ஒன்றாகப் போடவேண்டும், நனைந்த மாவிலை சேர்ந்தால் பாரம் அதிகம், நடுவில் தொய்ந்தால் அங்கேயே தண்ணீர் கட்டி நுளம்பு (கொசு) வரும். கூடல்வாய்க்கு நேர் கீழே பீலியின் வெளி உதட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொன்னார், அங்கே தண்ணீர் பாய்ந்து வரும், சாதாரண உதடு வைத்தால் தாண்டிக் குதித்துவிடும். நான் கானாடுகாத்தானில் பார்த்து யோசித்த அதே இடம். அவர் அதை மூலைவாய் என்றார்.

கும்பகோணத்தில் அடுத்த வாரம் தொடங்கும் வீட்டுக்கு இன்றிரவே மதிப்பீட்டைத் திருத்தி எழுதிவிட்டேன். இறவாணம், கூடல்வாய், தூம்பு, ஜலதாரை எல்லாம் எங்கள் ஆட்கள் சொல்கிறபடியே. மழைத்தகரம் என்று இருந்த வரியை அடித்துவிட்டு "பீலி, தெற்குப் பக்கம் 42 அடி, வாட்டம் கிழக்கே" என்று எழுதினேன். ஆசாரி கேட்டால் எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று சொல்வேன். வெளி உதட்டை உயர்த்தும் அளவை மட்டும் நாளை காலை அந்த அண்ணையிடம் இன்னொருமுறை போய் அளந்துகொண்டு வரவேண்டும், அவர் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாராம்.